நூலகக் கூட்டுறவும் தமிழ்த்துறையின் பங்கும்

முன்னுரை

எவ்வளவு பெரிய நூலகமாயினும் அச்சேறிய நூல்கள் அனைத்தையும் தன்னகத்தே கொண்டிருத்தல் இயலாது. எவ்வளவு சிறிய நூலகமாயினும் பிறிதோரிடத்தில் கிட்டாத நூல் ஒன்றேனும் அதன் அடுக்கில் இருத்தல் கூடும். இவ்விரு உண்மைகளின் அடிப்படையில் எழுந்ததே நூலகக் கூட்டுறவு என்னும் கருத்து. சீர்காழியைச் சேர்ந்தவரும் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றியவருமான எஸ்.ஆர். இரங்கநாதன் 1931ஆம் ஆண்டு நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும், நூல் ஒவ்வொன்றும் அதற்குரிய வாசகரைச் சென்றடைய வேண்டும் என்னும் கருத்துகள் அவற்றுள் அடங்கும். ஒரு நூலகம் தனித்து நின்று இவ்விரு விதிகளையும் நிறைவேற்ற இயலாது என்பது எண்ணிப் பார்ப்பார்க்கு எளிதில் விளங்கும்.

நூலகங்கள் தம்முள் பகிர்ந்துகொள்ளத்தக்கவை மூன்று. அவை பொருள், நூல், கருவி என்பன. ஒரு மாநில அளவில் இம்மூன்றும் எவ்வாறு பகிரப்பட்டன, தமிழ் நூல்களைப் பொறுத்தவரை எஞ்சி நிற்கும் பணி யாது, அப்பணியில் தமிழ்த்துறைக்குரிய பங்கு யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருட் பகிர்வு

நாடு விடுதலை பெற்ற பின்னர் இந்திய மாநிலங்களுள் முதன்முதலாகப் பொதுநூலகச் சட்டம் இயற்றிய பெருமை சென்னை மாநிலத்திற்கு உரியது. இரங்கநாதனின் நெடுநாள் முயற்சியின் பயனாக அச்சட்டம் 1948இல் நிறைவேறியது. அதன் உயிர்நாடி நூலக வரியாகும். வீட்டுவரியாகவோ சொத்துவரியாகவோ செலுத்தும் தொகையில் ரூபாய்க்கு அரையணா நூலகத்திற்கென்று கூடுதலாகப் பெறப்பட்டது. இன்று அது ரூபாய்க்கு 10 காசு. நகராட்சியும் ஊராட்சியும் திரட்டும் இத்தொகை மாவட்ட நூலக ஆணைக்குழுவைச் சென்றடைகிறது. வரிவருவாய் மிகுந்த நகரமும் வருவாய் குன்றிய சிற்றூரும் ஒரே நிதியில் பங்கு பெறுகின்றன. தன் வருவாயைக் கொண்டு ஒரு நாளிதழுக்கும் வழியில்லாத ஊரிலும் கிளைநூலகம் அமைந்ததற்கு இப்பொது நிதியே காரணம். சிறுதுளி பெருவெள்ளம் என்னும் பழமொழிக்கு இதைவிடச் சிறந்த சான்று தேட வேண்டுவதில்லை. பின்னர் ஆந்திரம் 1960இலும் மைசூர் 1965இலும் நூலக வரியுடன் கூடிய சட்டங்களை இயற்றின. மகாராட்டிரம் 1967இல் சட்டம் இயற்றியபோதும் வரி விதிக்க முன்வரவில்லை.

இச்சட்டத்தின் எல்லைக்குள் பொதுநூலகங்களே அடங்கும். கல்லூரி நூலகங்கள் அடங்கா. உயர்கல்வி நிறுவனங்களின் நூலகங்களை இணைக்கும் பொருட்டு 1991இல் இன்பிளிப்நெட் என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. 1996இல் அது பல்கலைக்கழக மானியக் குழுவின் தன்னாட்சி மையமாயிற்று. ஆய்விதழ்களை நாடு முழுமைக்கும் ஒரே உடன்படிக்கையில் வாங்கும் திட்டத்திற்கு நடுவண் அமைச்சரவை 2024 நவம்பர் 25ஆம் நாள் ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரையிலான மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் அதற்கென ஒதுக்கப்பெற்றது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு மேலாண்மையிலுள்ள 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குக் கிடைக்க இத்திட்டம் வழிவகுக்கிறது.

இவை வரவேற்கத்தக்கனவே. ஆயினும் இப்பெருநிதி பன்னாட்டுப் பதிப்பகங்களின் இதழ்களுக்கென அமைந்தது என்பதை மனங்கொள்ளல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் சிற்றச்சகம் ஒன்றில் அச்சாகி, இன்று இரண்டோ மூன்றோ படிகளே எஞ்சியுள்ள தமிழ் நூலை எந்தப் பதிப்பகத்திடமிருந்தும் விலைக்கு வாங்க இயலாது. அத்தகைய நூலைப் பொறுத்தவரை, அது எங்குள்ளது என்று அறிவதே அதைப் பெறுவதற்கான முதற்படியாகும்.

நூற் பகிர்வு

நூல் எங்குள்ளது என்பதை அறியும் வழியை ஒரு மாநிலம் முழுமைக்கும் அமைத்துக் காட்டிய பெருமை அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்தைச் சாரும். அங்கு 1967இல் 54 கல்லூரிகள் கூடி ஒரு பொது மையத்தை நிறுவின. பிரெடரிக் கில்கோர் என்னும் நூலகர் அதற்குத் தலைமை ஏற்றார். அதற்கு முன்னர், ஒரே நூலை ஐம்பது நூலகங்கள் வாங்கினால் ஐம்பது பட்டியலாளர்கள் தனித்தனியே அமர்ந்து அட்டை எழுதினர். புதிய ஏற்பாட்டின்படி ஒரு நூலகம் எழுதிய குறிப்பைக் கணிப்பொறியின் வாயிலாகப் பிற நூலகங்கள் எடுத்தாண்டன. 1971 ஆகஸ்டு 26ஆம் நாள் ஒகையோ பல்கலைக்கழகத்தின் ஆல்டன் நூலகத்தில் இம்முறை செயலுக்கு வந்தது. உழைப்பு மிச்சமாயிற்று. அதனினும் பெரியதொரு பயனும் உடன் விளைந்தது. ஒவ்வொரு குறிப்பின் கீழும் அந்நூலை உடைய நூலகங்களின் பெயர்கள் சேர்ந்துகொண்டே வந்தமையால், எந்த நூல் எங்குள்ளது என்று காட்டும் பொதுப்பட்டியல் தானே உருவாயிற்று.

இருபதாண்டுகள் கழித்து அம்மாநிலம் மற்றொரு படி ஏறியது. நூல்களை வைக்க இடமில்லை என்று கூறி, மாநிலப் பல்கலைக்கழகங்கள் தத்தமக்குப் புதிய நூலகக் கட்டடங்களுக்கு நிதி வேண்டின. உயர்கல்வி வாரியம் ஒரு குழுவை அமைத்து இதனை ஆராய்ந்தது. மாநிலம் முழுமைக்கும் ஒரே மின்பட்டியல் அமைக்கலாம். அருகி வழங்கும் நூல்களைப் பொதுக் களஞ்சியங்களில் வைக்கலாம். ஒருவர் நூலை மற்றவர் பயன்படுத்தலாம் என்று அக்குழு 1987இல் பரிந்துரைத்தது. ஒகையோலிங்க் எனப் பெயர் பெற்ற அவ்வமைப்பு 1992இல் ஆறு பல்கலைக்கழகங்களில் நிறுவப்பெற்றது. 1994 முதல் மாணவரே திரையில் பட்டியலைப் பார்த்துத் தமக்கு வேண்டிய நூலைக் கேட்டுப் பெறலாயினர். நூல் வண்டியில் ஏறிச் சில நாள்களில் அவரது கல்லூரியை வந்தடைந்தது. தனியார் கல்லூரிகளும் இதில் இணைந்தன. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்கள் இதன் உறுப்பாக உள்ளன.

இவ்வரலாற்றில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. நூல்களின் உடைமை அவ்வந்நூலகத்திடமே நின்றது. பட்டியலும் போக்குவரத்தும் மட்டுமே பொதுவாயின. மேலும், பட்டியல் முதலில் தோன்றியது. நூற் பரிமாற்றமும் கூட்டுக் கொள்முதலும் அதன் பின்னரே இயன்றன. இவ்வரிசை நாம் உளங்கொள்ளற்பாலது.

கருவிப் பகிர்வு

ஒகையோவின் கணிப்பொறிகளுக்கு எழுத்தைப் பற்றிய இடர்ப்பாடு மிகுதியாக இல்லை. தமிழின் நிலை வேறு. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்த காலத்தில், ஒரு நூலகத்தில் தட்டச்சு செய்த தமிழ்ப் பட்டியல் மற்றொரு நூலகத்தின் திரையில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு எழுத்துத் தரம் அறிவித்தது. 2010இல் ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்தது. இன்று எழுத்துச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது எனலாம்.

தீராதது பெயர்ச் சிக்கல். கணிப்பொறி எழுத்தை மட்டுமே காணும். அவ்வெழுத்துக் குறிக்கும் மனிதரைக் காணாது. உமறுப்புலவர் என ஒரு நூலகமும் உமருப்புலவர் என மற்றொரு நூலகமும் பதிவு செய்தால், கணிப்பொறிக்கு அவர் இருவராவார். சீறாப்புராணம் என்றும் சீறா என்றும் ஸீறாப்புராணம் என்றும் பதிவு செய்தால் ஒரு காப்பியம் மூன்றாகி மூன்று இடங்களில் நிற்கும்.

இஸ்லாமியத் தமிழ் நூல்களும் பெயர் வடிவங்களும்

இச்சிக்கல் எல்லாத் தமிழ் நூல்களுக்கும் உண்டெனினும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தில் அது பன்மடங்காகிறது. அரபு, பாரசீகச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கால் வடிவம் நிலைபெறுவதில்லை. முகம்மது, முஹம்மது, மகமது என்பன ஒரே பெயர். செய்யிது, சையது, ஸையித் என்பனவும் அவ்வாறே. பண்டைப் புலவர் தமிழ் மரபுக்கு இசையக் கிரந்த எழுத்தை விலக்கினர். பிற்காலப் பதிப்பாளர் சிலர் மூல ஒலியைக் காக்கக் கிரந்த எழுத்தை மீண்டும் கொணர்ந்தனர். இருவரும் தத்தம் நோக்கில் சரியே செய்தனர். இடர்ப்படுபவர் தேடும் மாணவரே.

குணங்குடி மஸ்தான் சாகிபுவை எடுத்துக்கொள்வோம். அவரது இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். பட்டியலாளர் அவரை ஊர்ப்பெயரால் ககரத்திலும், சிறப்புப் பெயரால் மகரத்திலும், இயற்பெயரால் சகரத்திலோ அகரத்திலோ சேர்க்க இடமுண்டு. சாகிபு என்பது சாஹிபு என்றும் சாகிப் என்றும் வரும். இனி, லெப்பை, மரைக்காயர், ஆலிம், புலவர் ஆகியவை பெயரின் பகுதியா, அடைமொழியா என்பதும் முடிவு செய்யப்பட வேண்டும். ஒருவர் பலராதல் ஒருபுறம் இருக்க, ஒரே பெயருடைய புலவர் பலர் ஒருவராகிவிடும் இடரும் உண்டு. ஊரும் காலமும் சேர்த்துக் குறித்தாலன்றி அவர்களை வேறுபடுத்த இயலாது.

அரபுத் தமிழ் நூல்களோ வேறு வகையின. மொழி தமிழ்; எழுத்து அரபு. தமிழ் தெரிந்த பட்டியலாளர் அதனைப் படிக்க மாட்டார். அரபெழுத்து மட்டும் தெரிந்தவர் அதன் பொருளை உணர மாட்டார். ஆகவே அவை அரபு நூல் அடுக்கிலோ பட்டியலுக்கு வெளியிலோ நின்றுவிட இடமுண்டு.

நூலின் ஆண்டும் அவ்வாறே. பழைய முகப்புப் பக்கங்களில் ஹிஜ்ரி ஆண்டு குறிக்கப்பட்டிருக்கும். ஹிஜ்ரி ஆண்டு கதிரவனாண்டினும் ஏறக்குறைய 11 நாள் குறைவு. ஹிஜ்ரி 1300 என்பது 1882 நவம்பரில் தொடங்கி 1883இல் முடிவது. ஒரு நூலகம் 1882 என்றும் மற்றொன்று 1883 என்றும் எழுதினால், ஒரே பதிப்பு இரு பதிப்பாகத் தோன்றும். பதிப்பு வரலாறு எழுதுவோர் இல்லாத பதிப்பொன்றைத் தேடி அலைவர்.

இவற்றைத் தீர்ப்பது பொறியியலாளர் பணியன்று; நூலகர் ஒருவரால் மட்டும் ஆவதுமன்று. வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிர மசலாவையும் ஆலிப் புலவரின் மிகுராசு மாலையையும் கற்றோர், மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து என்னும் சிற்றிலக்கிய வகைகளின் வேறுபாடு அறிந்தோர், பதிப்புகளை ஒப்பிட்டுப் பழகியோர் ஆகியோரே இப்பணிக்கு உரியவர். அவர்கள் இருப்பது தமிழ்த்துறைகளில். பேராசிரியர் ம.மு. உவைஸ் அவர்கள் இத்துறையின் வரலாற்றைத் தொகுத்தளித்து அடித்தளம் இட்டுள்ளார். அத்தளத்தின் மேல் பொதுப்பட்டியலை எழுப்புவது பின்வந்தோர் கடன்.

செய்யத்தக்கன

முதலாவதாக, ஒவ்வொரு கல்லூரித் தமிழ்த்துறையும் தன் நூலகத்திலுள்ள பழைய இஸ்லாமியத் தமிழ் நூல்களை ஒரே படிவத்தில் பதிதல் வேண்டும். முகப்பில் உள்ளவாறே பெயர், ஆசிரியர், ஊர், அச்சகம், ஹிஜ்ரி ஆண்டும் அதற்கிணையான கிறித்துவ ஆண்டுகள் இரண்டும், பக்க அளவு, நூலின் நிலை என்பன அதில் இடம்பெறலாம். முதுகலை மாணவர் இதனை ஒரு பருவத்தில் செய்து முடிக்கலாம்.

இரண்டாவதாக, பெயர்க் கோவை ஒன்று வேண்டும். ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு வடிவத்தைத் தலைப்பாக ஏற்று, ஏனைய வடிவங்களின் கீழ்க் ‘காண்க’ என்று வழிகாட்டினால் போதும். எந்த வடிவத்தையும் பிழையென ஒதுக்க வேண்டுவதில்லை.

மூன்றாவதாக, செலவைப் பகிர்தல். விலைமிக்க மறுபதிப்புகளையும் அகராதிகளையும் அண்மையிலுள்ள கல்லூரிகள் தம்முள் பங்கிட்டு வாங்கினால், ஒரே நூலுக்கு நால்வர் பணம் செலவிடுவது தவிரும்.

நான்காவதாக, அரிய நூலை வெளியே அனுப்பாமல் அதன் மின்படியை மட்டும் வழங்குதல். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த நூல்களுக்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் தடையாக நிற்பதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், ஈழத்து நூல்களைத் திரட்டும் நூலகம் நிறுவனமும் இவ்வழியில் முன்னோடிகள்.

பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அரிய நூல்கள் பல இன்னும் குடும்பப் பேழைகளிலும் பள்ளிவாசல், மதரஸா அலமாரிகளிலும் உள்ளன. பட்டியலில் ஏறினால் நூலைக் கேட்டு வருவர், கொடுத்தால் திரும்பாது என்னும் அச்சம் இயல்பானதே. நூலின் பெயரைப் பதிவு செய்வது நூலைக் கைவிடுவதாகாது. வக்ஃபு என்னும் அறம் நமக்குப் புதிதன்று. மூலப்பொருள் அழியாமல் நிற்க, அதன் பயன் எல்லார்க்கும் சென்றடைவதே அவ்வறத்தின் உட்பொருள். இஸ்லாமிய உலகின் புகழ்பெற்ற நூலகங்கள் பல இவ்வறத்தால் வளர்ந்தவை. பெயர் தெரியாமல் பேழையில் உள்ள நூல் கறையானுக்கு இரையானால், அதை இழந்தோம் என்பதையும் நாம் அறிய மாட்டோம்.

முடிவுரை

பொருளைப் பகிரும் வழியை 1948ஆம் ஆண்டுச் சட்டம் காட்டிற்று. நூலைப் பகிர்வதற்குப் பொதுப்பட்டியலே முதல் என்பதை ஒகையோ காட்டிற்று. எழுத்தைப் பகிரும் வழியை ஒருங்குறி தந்தது. எஞ்சி நிற்பது பெயரில் உடன்பாடு காணும் பணி. அதற்குப் பெருநிதி வேண்டா. தமிழறிவும் பொறுமையும் சில கல்லூரிகளின் இசைவும் போதும். ஊர் கூடி இழுத்தாலன்றித் தேர் நகராது. வடத்தின் ஒரு முனை தமிழ்த்துறைகளின் கையில் உள்ளது. வரும் கல்வியாண்டிலேயே, நம் நூலக அடுக்குகளில் உள்ள நூல்களிலிருந்து இப்பணியைத் தொடங்குவோமாக.