திருவொற்றியூர் புல்லட்டும் லீடர்ஷிப் யூனிட்டும்

பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட் பேப்பர்ல லீடர்ஷிப் டாபிக் வந்தா நாம எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுவோம். தன்னம்பிக்கை, தொலைநோக்கு, பேச்சுத்திறன், நேர்மை, அப்புறம் மார்க்குக்கு ஏத்த மாதிரி இன்னும் நாலு. இந்தக் குணங்கள் ஒரு ஆளுக்கு இருக்கான்னு எப்படித் தெரியும்? அவர் எடுத்த முடிவுகளைப் பார்த்தாதான் தெரியும். அப்படிப் பார்க்க ஒரு நல்ல கேஸ் நம்ம திருவொற்றியூர்லயே இருக்கு.

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்து கம்பெனி. எல்லை ரோந்துக்கு இந்திய ராணுவத்துக்கு புல்லட் தேவைப்பட்டது. அதனால 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோட சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாச்சு, திருவொற்றியூர்ல ஃபேக்டரி வந்தது. பிறகு இங்கிலாந்து கம்பெனியே மூடிப்போச்சு. இங்க மட்டும் வண்டி ஓடிட்டே இருந்தது. 1994-ல் ஐஷர் குழுமம் இதை எடுத்துக்கிட்டது.

2000-ல் நிலைமை மோசம். மாசத்துக்கு 6,000 வண்டி செய்யலாம், ஆனா விற்றது 2,000 சுமார்தான். வித்துடலாமா, மூடிடலாமான்னு போர்டுல பேச்சு. அப்போ கொஞ்ச காலம் டைம் கேட்டு பொறுப்பை ஏத்துக்கிட்டவர் சித்தார்த்த லால். வயசு 26. முதலாளி மகன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நம்மள்ல யாராவது போய் அந்த டைம் கேட்டிருந்தா வாட்ச்மேன்கிட்டயே பேச்சு முடிஞ்சிருக்கும்! ஆனா கிடைச்ச டைம்ல அவர் என்ன செய்தார் என்பதுதான் விஷயம்.

அவர் வண்டியை எடுத்துக்கிட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டினார். ஓட்டுறவங்ககிட்ட பேசினார். பழைய புல்லட் வச்சிருக்கிற பெரியப்பா, மாமா யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க. ஆயில் ஒழுகும். டி-கம்ப்ரஸர் லீவரைப் பிடிச்சு, ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்து, அப்புறம்தான் கிக்கர். பழைய ரசிகர்களுக்கு இது பெருமை. புதுசா வண்டி வாங்க வர்றவனுக்கு இது தலைவலி. ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல திருப்திப்படுத்த முடியாது. வலது காலில் இருந்த கியரை இடது காலுக்கு மாத்தினப்போ ரசிகர்கள் கோபப்பட்டாங்க. மாத்தினது மாத்தினதுதான்.

எஞ்சின்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி (மெக்கானிக்கல்காரன், மன்னிச்சுக்கோங்க). பழைய புல்லட்ல எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி. இணைப்புகள் அதிகமானா கசிவுக்கு வழியும் அதிகம். புது யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன் எஞ்சின்ல ரெண்டும் ஒரே கேஸிங்குக்குள்ள வந்துச்சு. ஹைட்ராலிக் டேப்பெட் வந்ததால அடிக்கடி அட்ஜஸ்ட் பண்ற வேலையும் போச்சு. ஆனா 350-க்கு போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர் என்ற பழைய அளவைத் தொடல. அந்த நீளமான ஸ்ட்ரோக்தான் புல்லட்டோட நிதானமான இழுவைக்கு ஒரு முக்கிய காரணம். எதை மாத்தணும் என்பதோட எதை மாத்தக்கூடாது என்பதும் அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. "தொலைநோக்கு"ன்னு நாம ஒரே வார்த்தைல எழுதிட்டுப் போறது உள்ளே பார்த்தா இப்படித்தான் இருக்கு.

இன்னொரு முடிவு இதைவிடக் கடினம். ஐஷர்கிட்ட அப்போ 15 தொழில்கள். செருப்பு, துணி வரைக்கும் இருந்தது. அதுல 13-ஐ விட்டுட்டு பைக், டிரக் ரெண்டுல மட்டும் கவனம் வச்சாங்க. குடும்பத்தோட அடையாளமா இருந்த டிராக்டர் தொழிலைக்கூட 2005-ல் நம்ம சென்னை டாஃபேவுக்கு வித்துட்டாங்க.

2009-ல் புது எஞ்சினோட கிளாசிக் வந்தது. 2010-ல் வருஷத்துக்கு 50,000 சுமார், 2014-ல் 3 லட்சத்துக்கு மேல. 2013-லயே ஒரகடத்துல ரெண்டாவது ஃபேக்டரி தேவைப்பட்டுச்சு.

ஒரே ஆள் ஜெயிச்ச கதையா இதைச் சொல்றதுதான் வழக்கம். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. புது எஞ்சினுக்கு மாறுறதுன்னா, காது வச்சுக் கேட்டே எஞ்சினை செட் பண்ணிப் பழகின ஃபிட்டர், அளவுகளை நம்பி வேலை செய்யக் கத்துக்கணும். அந்தக் கஷ்டம் போர்டு ரூம்ல நடக்கல, திருவொற்றியூர் ஹைரோடு ஓரத்துல ஷாப் ஃப்ளோர்ல நடந்தது. பக்கத்துலேயே விம்கோ தீப்பெட்டி ஃபேக்டரிக்கு என்ன ஆச்சு? அது மூடி, இன்னிக்கு மெட்ரோ ஸ்டேஷன் பேரா மட்டும் இருக்கு.

செலவு கணக்கும் இருக்கு. அதே மீட்பு முயற்சில ஜெய்ப்பூர்ல புதுசா ஆரம்பிச்ச ஃபேக்டரியை மூடினாங்க. இங்க வேலை தப்பிச்சது, அங்க போச்சு. செமஸ்டர்ல 13 மார்க் கேள்விக்கு இந்த கேஸை எழுதுறவங்க ஜெய்ப்பூருக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்க.