பிரிந்தும் குறையாத சொத்து

கடத்தூர்

மங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. உயிரணுப் பிரிவின் நிலைகளைப் புரோபேஸ், மெட்டாபேஸ், அனாபேஸ், டீலோபேஸ் என்று வரிசை பிறழாமல் ஒப்பிக்கக் கற்றுவிட்டாய் என்றும், ஒப்பித்து முடித்த பிறகும் அந்தச் சின்ன அறைக்குள் உண்மையில் நடப்பது என்ன, அதைத் தெரிந்துகொள்வதால் யாருக்கு என்ன பயன் என்பது மட்டும் பிடிபடவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். மதிப்பெண் வாங்கித் தந்த பாடத்தைப் பற்றி இப்படிக் கேட்க உனக்குத் தோன்றியதே எனக்குப் பெரிய சந்தோஷம். விஸ்தாரமாகவே பதில் எழுதுகிறேன். பரீட்சைக்கு நடுவே புரட்டாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக உட்கார்ந்து படி.

நீ விடுதிக்குப் போகும்வரை நம் ஊரில் தினந்தோறும் கண்ட இரண்டு பயிர்களிலிருந்தே தொடங்கலாம். கடத்தூர்ச் சந்தையில் கட்டுக் கட்டாக வந்து இறங்கும் வெற்றிலையை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. கொடியை வெட்டி நடுகிறோம். கோபாலபுரத்துச் சுப்பிரமணிய சிவா கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு டிராக்டரில் போகிற கரும்பும் அப்படித்தான். கரணையில் உள்ள பரு மண்ணுக்குள் விழித்து, வேர் விட்டு, தூர் கட்டி, ஏறக்குறைய ஓராண்டில் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கிறது. தாய்க் கரும்பின் நிறமும் பருமனும் இனிப்பும் அந்தச் சிறிய பருவிலிருந்து எழுந்த கரும்புக்கும், அதன் பருவிலிருந்து எழும் அடுத்த கரும்புக்கும் இம்மியும் பிசகாமல் வந்து சேர்கின்றனவே, அவை எந்த வழியாக வருகின்றன என்ற கேள்விக்கு விடை சொல்லும் சாஸ்திரமே நீ மனப்பாடம் செய்த பாடம்.

அதன் பூர்வகதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் தக்கையை மெல்லியதாகச் சீவி உருப்பெருக்கியின் அடியில் வைத்து, அதில் அடுக்கடுக்கான அறைகள் இருப்பதை 1665-இல் எழுதி வெளியிட்டார். அவர் கண்டவை உயிர் நீங்கிய வெறும் சுவர்களே. 1831-இல் ராபர்ட் பிரௌன் ஆர்க்கிட் செடியின் உயிரணுக்களுக்குள் உட்கருவைக் கவனித்தார். 1838-இல் ஷ்லைடன் தாவரங்களைப் பற்றியும் மறு ஆண்டில் ஷ்வான் விலங்குகளைப் பற்றியும், உயிர்களின் உடல் யாவும் உயிரணுக்களால் ஆனவையே என்று நிலைநாட்டினர். பின்னர் 1855-இல் ஃபிர்க்கோ என்ற ஜெர்மானிய மருத்துவர், எந்த உயிரணுவும் முன்னிருந்த ஓர் உயிரணுவிலிருந்தே தோன்ற முடியும் என்றார். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சற்று நின்று யோசி, மங்கை. நம் வயலில் இன்று முளைத்திருக்கும் பருவின் ஓர் உயிரணுவைப் பிடித்துக்கொண்டு, அதன் தாய், தாயின் தாய் என்று பின்னோக்கிப் போனால், இடையில் எங்குமே அறுபடாத ஒரு தொடர், மனிதன் மண்ணில் தோன்றுவதற்கு எத்தனையோ கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை நம்மை இழுத்துச் செல்லும்.

இனி அந்த உயிரணுவின் உள்ளே போகலாம். கரும்புத் தண்டின் சதைப் பகுதியில் உள்ள ஓர் உயிரணுவை எடுத்துக்கொள். வெளியே செல்லுலோஸால் ஆன விறைப்பான சுவர், அதை ஒட்டி உள்ளே, எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று தேர்ந்து விடும் மெல்லிய சவ்வு, அதற்குள் சைட்டோபிளாசம், நடுவே இடத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு வாக்குவோல் என்னும் சாற்றுப்பை. இலையில் சூரிய ஒளியைக் கொண்டு ஆக்கப்பட்ட சர்க்கரை தண்டுக்கு இறங்கி வந்து இந்தச் சாற்றுப்பைகளிலேதான் சேமிக்கப்படுகிறது; ஆகவே கோபாலபுரத்து உருளைகள் இராப்பகலாகப் பிழிவது கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடிச் சாற்றுப்பைகளையே. வெற்றிலையிலோ, காரமும் மணமும் தரும் தைலம் அதற்கென்று அமைந்த தனி உயிரணுக்களில் அடைபட்டிருக்கிறது. முழு இலையைவிடக் கசக்கிய இலை அதிகமாக மணப்பதற்குக் காரணம் அதுதான். சைட்டோபிளாசத்தில் ஆற்றலை விடுவிக்கும் மைட்டோகாண்டிரியாக்களும், புரதங்களைக் கட்டும் ரைபோசோம்களும் இருக்கின்றன. இந்த ரைபோசோமின் அணு அணுவான அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர், நம் சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் என்பதை உன் தோழிகளுக்கும் சொல். மற்ற உறுப்புகளை உன் பாடநூலே நன்றாகச் சொல்கிறது; நான் உட்கருவுக்கு வருகிறேன்.

எந்தப் புரதம் எப்போது கட்டப்பட வேண்டும் என்ற கட்டளைகள் யாவும் உட்கருவில் உள்ள குரோமோசோம்களில் டி.என்.ஏ. வடிவில் எழுதப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் இனத்துக்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கை பெரும்பாலும் நிர்ணயமானது: மனிதனுக்கு 46, வெங்காயத்துக்கு 16. ஓர் உயிரணு இரண்டாகும்போது இந்தக் கட்டளைகளின் கதி என்ன? நம் ஊரில் அண்ணன் தம்பிகள் பாகப் பிரிவினை செய்துகொண்டால் நாலு ஏக்கர் நிலம் ஆளுக்கு இரண்டு ஏக்கராகிவிடும்; அடுத்த தலைமுறையில் ஒன்றாகும்; பிறகு வரப்புத் தகராறுதான் மிஞ்சும். உயிரணு அப்படிப் பிரிந்திருந்தால் கரும்பு இரண்டு கணு வளர்வதற்குள் பரம்பரைச் சொத்து கரைந்து போயிருக்கும். ஆகவே பிரிவினைக்கு முன்பே, வெளிக்கு ஓய்வாகத் தோன்றும் நிலையில், உயிரணு தன் டி.என்.ஏ. முழுவதையும் எழுத்து விடாமல் பிரதி எடுத்து இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. நீ மனப்பாடம் செய்த நான்கு நிலைகளும், அந்த இரட்டைப் பிரதியை ஒன்றுகூடச் சிக்காமல், ஒன்றுகூட விடுபடாமல் இரு பக்கத்துக்கும் சமமாகப் பங்கிடும் ஏற்பாடே. புரோபேஸில் நீண்ட நூல்கள் சுருண்டு தடிக்கின்றன, ஏனெனில் நீண்ட நூல் சிக்கிக்கொள்ளும். மெட்டாபேஸில் யாவும் நடுவே ஒரு தளத்தில் வந்து நிற்கின்றன, ஏனெனில் இரு துருவங்களிலிருந்தும் கதிரிழைகள் ஒவ்வொன்றையும் பற்றிய பிறகே பிரிவு தொடங்கலாம். அனாபேஸில் இணைபிரதிகள் எதிரெதிரே விலகுகின்றன. டீலோபேஸில் இரண்டு உட்கருக்கள் உருவாகின்றன. பிறகு தாவர உயிரணுவில் நடுவே புதிய சுவர் எழும்புகிறது. ஜெர்மானியரான வால்டர் ஃபிளெமிங் இதையெல்லாம் சாலமாண்டரின் உயிரணுக்களில் கூர்ந்து கண்டு 1882-இல் புத்தகமாக வெளியிட்டபோது, டி.என்.ஏ.யின் வேலை என்னவென்று எவருக்கும் தெரியாது. கண்ணால் கண்டதைக் கண்டபடி வரைந்தார், அவ்வளவே. அந்த நேர்மைக்கு நான் எப்போதும் தலைவணங்குகிறேன்.

நீயும் பிரத்தியட்சமாகப் பார்க்க வேண்டும். ஒரு வெங்காயத்தின் அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி கண்ணாடித் தம்ளரின் வாயில் உட்கார வை; சில நாட்களில் வெள்ளை வேர்கள் இறங்கும். காலை வேளையில் அவற்றின் நுனியை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் நறுக்கு, ஏனெனில் பிரிவு நடப்பது நுனியில்தான். அதற்கு மேலே உள்ள உயிரணுக்கள் நீள்கின்றன, பிரிவதில்லை. மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் ஒரு நாள் போட்டு வைத்தால், எந்த நிலையில் இருந்தனவோ அந்த நிலையிலேயே உயிரணுக்கள் நின்றுவிடும். பிறகு உன் ஆசிரியையின் முன்னிலையில், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இளஞ்சூட்டில் மென்மையாக்கி, கழுவி, அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து மூடித் தகட்டால் மூடி, ஒற்றுத்தாளை மேலே வைத்துக் கட்டை விரலால் நேராக அழுத்து. விரல் பக்கவாட்டில் வழுக்கினால் உயிரணுக்கள் உருண்டு கிழிந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பெரும்பாலான உட்கருக்கள் சிவந்த உருண்டைகளாகத்தான் தெரியும். பொறுமையாகத் தகட்டை நகர்த்திக்கொண்டே போ. எங்கோ ஓரிடத்தில் சிவப்புக் குரோமோசோம்கள் விரிந்து கிடக்கும். அவற்றை எண்ணிப் பார். முதலில் பதினான்கு வரும், பிறகு பதினேழு வரும். ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். மனிதக் குரோமோசோம்கள் 48 என்று பல்லாண்டுகள் உலகம் முழுவதும் நம்பியிருந்து, ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோவும் ஸ்வீடனின் ஆல்பர்ட் லெவானும் 1956-இல் வெளியிட்ட கட்டுரையால்தான் 46 என்று திருந்தியது. எண்ணுவது அத்தனை அரிய காரியம்.

அந்த அரிய காரியத்தால் கரும்புக்கு விளைந்த நன்மையைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இந்தியாவில் விளைந்தது மெலிந்த கரும்பு. இனிப்பு மிகுந்த பருத்த ஜாதியோ அங்குள்ள குளிரையும் வறட்சியையும் தாங்காது. ஜாவாவிலிருந்து சர்க்கரை கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்த காலம் அது. கோயம்புத்தூரில் 1912-இல் நிறுவப்பட்ட கரும்பு இனப்பெருக்கு நிலையத்தில் பார்பர் என்ற தாவரவியலாளரும், அவருக்குத் துணையாக வந்து பின்னர் அதை நடத்திய டி. எஸ். வெங்கட்ராமனும், வெள்ளை என்ற பருத்த கரும்பின் பூவில், ஓடைக்கரையில் தானாக வளரும் நாணலின் மகரந்தத்தைச் சேர்த்தார்கள். இனிப்பே இல்லாத, ஆனால் எதையும் தாங்கும் நாணல்! அந்தச் சேர்க்கையில் பிறந்த கோ 205 என்ற கரும்பு 1918-இல் விவசாயிகளிடம் போய்ச் சேர்ந்தது. நீ கேள்விப்பட்டிருக்கும் கோ 86032 வரை, "கோ" என்ற எழுத்துக்கு விரிவு கோயம்புத்தூர்தான்.

பூவில் நடப்பது வேறு வகைப் பிரிவு. மகரந்தமும் கருமுட்டையும் உண்டாகும்போது குரோமோசோம்கள் பாதியாகின்றன. இல்லாவிட்டால் தாயும் தந்தையும் சேரும் ஒவ்வொரு தலைமுறையிலும் எண்ணிக்கை இரட்டித்துக்கொண்டே போகும். மியாசிஸ் என்னும் இந்தக் குன்றல் பிரிவில், பிரியுமுன் ஜோடிக் குரோமோசோம்கள் அருகருகே படுத்துத் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒருவரைப்போல் ஒருவர் இராததற்கு முக்கிய காரணங்களில் ஒன்று இது. இந்தப் பிரிவை, முன்பு சொன்ன மைட்டாசிஸ் என்னும் சாதாரணப் பிரிவுக்குப் பக்கத்தில் வேற்றுமை அட்டவணையாகப் போட்டு நடத்திவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை. புதுமை பிறக்கும் வாசல் இது.

இப்போது கணக்கைப் பார். பருத்த கரும்புக்கு 80, கோயம்புத்தூர் நாணலுக்கு 64. விதிப்படி 40-உம் 32-உம் சேர்ந்து 72 வர வேண்டும். கோ 205-இல் இருந்தவை 112! தாய்க் கரும்பின் கருமுட்டை பாதியாகாமல் 80-ஐயும் அப்படியே கொடுத்துவிட்டது. நாணல் தன் பாதியான 32-ஐ மட்டும் கொடுத்தது. அதனால் நாணலின் வலிமை வந்து சேர்ந்தும், இனிப்புப் பக்கமே தூக்கலாக நின்றது. கரும்பின் இந்த விசேஷத்தை 1920-களில் ஜாவாவில் பிரெமர் என்ற டச்சு விஞ்ஞானி எண்ணிக் கண்டுபிடித்தார். பாதியாக வேண்டும் என்ற விதியை அறியாதவர் 112-ஐக் கண்டாலும் வெறும் எண்ணாகவே கண்டிருப்பார். அதில் இருந்த அதிசயம் அவருக்குத் தெரிந்திருக்காது.

கோயம்புத்தூரில் அந்தக் கணக்கைத் தொடர்ந்தவர் ஒரு பெண். தலைச்சேரியில் 1897-இல் பிறந்து, சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்ற ஈ. கே. ஜானகி அம்மாள், 1934-இல் இந்த நிலையத்துக்கு வந்தார். இந்திய நாணல் வகைகளின் குரோமோசோம்களைப் பொறுமையாக எண்ணி, ஒரே புல்லாகத் தோன்றுவது இடத்துக்கு இடம் வேறு வேறு எண்ணிக்கை கொண்டிருப்பதை 1936-இல் வெளியிட்டார். கரும்பை மக்காச்சோளத்தோடுகூடக் கலந்து பார்த்தார். பிறகு இங்கிலாந்து சென்று, டார்லிங்டன் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து, உலகத்துப் பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945-இல் பெரிய நூலாக வெளியிட்டார். நாடு திரும்பி, கடைசிவரை ஆராய்ச்சியிலேயே ஈடுபட்டிருந்து, 1984-இல் சென்னைக்கு அருகே மதுரவாயலில் காலமானார். பெண்கள் கல்லூரி வாசலை மிதிப்பதே அபூர்வமாக இருந்த நாளில், நீ இப்போது குனியப் போகிற அதே விதமான கருவியின் மேல் குனிந்து அவர் இத்தனையும் செய்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம், உன்னைப் போன்ற பெண்களின் கையில் நல்ல மைக்ராஸ்கோப் ஒன்று இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு மேலிடுகிறது.

வேர் நுனியில் 16-ஐச் சரியாக எண்ணிவிட்டால், அடுத்து வெங்காயப் பூங்கொத்து விரியுமுன் இளமொட்டின் மகரந்தப் பையை இதே முறையில் நசுக்கிப் பார். பாதியாகிற நிலையில் 8 ஜோடிகள் அகப்படும். கண்டதைப் பென்சிலால் வரைந்து எனக்கு அனுப்பு. புத்தகத்துப் படத்தைப் பார்த்துத் திருத்தாதே. பள்ளிக்கூடத்தில் அசிட்டோகார்மைன் தீர்ந்து போயிருந்தால் உடனே எழுது, தர்மபுரியில் விசாரித்து வாங்கி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள தாத்தா