மாத்திரையைத் தூக்கிப் போடச் சொன்னது யார்?

“தியானம் பழகிட்டேன் டாக்டர், மாத்திரையை விட்டுட்டேன்.” மனநலப் புறநோயாளிப் பிரிவில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கமாகிவிட்டது. சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. ஐ.டி. ஊழியர், வங்கி மேலாளர், பள்ளி ஆசிரியை. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியிருப்பார். இல்லையென்றால் வார இறுதி முகாமில் ஒருவர் மைக்கைப் பிடித்து, மனதை அடக்கத் தெரிந்தவனுக்கு மருந்து எதற்கு என்று கேட்டிருப்பார். மூன்று மாதம் கழித்து இரவுத் தூக்கமே இல்லாமல், சாப்பாடு இறங்காமல், கணவரோ அண்ணனோ கைபிடித்துக் கூட்டி வருவார்கள். மைக் பிடித்தவர் அப்போது பக்கத்தில் இருப்பதில்லை.

தியானத்தின் மீது எனக்கு விரோதம் கிடையாது. பலருக்கு நானே பரிந்துரைக்கிறேன். ஆனால் அதை மருத்துவத்துக்கு எதிராக நிறுத்துவது பெரும் பிழை. இன்று மைண்ட்ஃபுல்னெஸ் என்று உலகெங்கும் சொல்லித்தரும் எட்டு வாரப் பயிற்சி எங்கே உருவானது? மருத்துவமனைக்குள்ளேதான். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் அதைத் தொடங்கினார். நாள்பட்ட வலியால் அவதிப்பட்டவர்களை மருத்துவர்களே அவரிடம் அனுப்பினார்கள். நடந்துகொண்டிருந்த சிகிச்சைக்குத் துணையாக அது சேர்ந்தது.

‘மருந்து வேண்டாம் என்று லான்செட் மருத்துவ இதழே சொல்லிவிட்டதே’ என்று சிலர் 2015இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வைக் காட்டுகிறார்கள். படித்துவிட்டுக் காட்டினால் நன்றாயிருக்கும். மனச்சோர்வு மூன்று முறையோ அதற்கு மேலோ வந்து குணமானவர்கள் 424 பேர். ஒரு பாதிப் பேருக்கு மருந்து தொடர்ந்தது. மறுபாதிப் பேருக்கு மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி தந்து, மருத்துவர் மேற்பார்வையில் மருந்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் பயிற்சி பெற்றவர்களில் 44 சதவீதம் பேருக்கும், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. பயிற்சி மருந்தைவிட மேல் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. வீட்டில் உட்கார்ந்து நீங்களாகவே மாத்திரையை நிறுத்துங்கள் என்று அதில் ஒரு வரியும் இல்லை.

மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், உடம்பில் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். உடனே ‘பார்த்தீர்களா, அடிமையாக்கிவிட்டார்கள்’ என்று அதையும் மருந்தின் தலையில் போடுகிறார்கள். குடிக்கு அடிமையானவர் போல இதைத் தேடி அலைபவர் யாருமில்லை. நரம்பு மண்டலம் பழகிக்கொண்ட ஒன்றைச் சட்டென்று பறித்ததன் விளைவு அது. மெல்லக் குறைத்தால் பெரும்பாலும் தாங்கக்கூடியதாக இருக்கும். இருதுருவ நோய்க்கு லித்தியம் எடுப்பவர்கள் திடீரென நிறுத்துவது இதைவிட மோசம், நோய் வேகத்தோடு திரும்பும். மனச்சிதைவு வந்து குணமானவர்கள் பல நாள் மௌன முகாம்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் போகவே கூடாது. அங்கே நோய் திரும்பிய நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

பதற்ற நோய்க்குச் சிகிச்சையே தொடங்காதவர் பயிற்சியை முதலில் முயன்று பார்க்கலாமா? மருத்துவரோடு பேசி முடிவெடுத்தால், தாராளமாக. எஸ்சிட்டலோபிராம் மருந்துக்கு எட்டு வாரப் பயிற்சி சளைத்ததில்லை என்று 2022இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் அது வாரா வாரம் இரண்டரை மணி நேர வகுப்பு, வீட்டில் தினமும் முக்கால் மணி நேரப் பயிற்சி. செல்போன் செயலியில் ஐந்து நிமிடம் மணியோசை கேட்பதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தியானத்தில் எண்ணமே வரக்கூடாது என்பது இன்னொரு கதை. எண்ணம் வரும். மனம் அதன் பின்னால் போனதைக் கவனித்து மூச்சுக்குத் திரும்புவதே பயிற்சி. சம்மணமிட்டால்தான் பலிக்கும் என்பதும் இல்லை. முட்டி வலிப்பவர் நாற்காலியில் உட்காரலாம், நடந்துகொண்டே செய்யலாம். எல்லாப் பள்ளியிலும் இந்தப் பயிற்சியை வைத்தால் பிள்ளைகள் மனம் தெளியும் என்கிறார்கள். பிரிட்டனில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் செய்து பார்த்து, வழக்கமான வகுப்புகளைவிடக் கூடுதல் பலன் இல்லை என்று 2022இல் வெளியிட்டார்கள்.

‘டென்ஷன் எல்லாம் நம்ம மனசுலதான் இருக்கு’ என்ற வாக்கியத்தைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை ஜவுளிக்கடையில் நின்றே வேலை பார்க்கும் பெண்ணிடம் இதைச் சொல்வீர்களா? கால் வீங்கி, சிறுநீரை அடக்கிக்கொண்டு நிற்பவளுக்கு மூச்சுப் பயிற்சி அப்புறம் இருக்கட்டும். உட்கார இடம் கொடுங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழகத்தில் 2021லேயே சட்டத்தைத் திருத்தியாயிற்று. பணியிட மனநலம் என்று கருத்தரங்கு நடத்தும் நிர்வாகங்கள் முதலில் இதைச் செய்யட்டும். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் கவுன்ட்டருக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேலாளரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், தொழிலாளர் துறைக்கு ஒரு புகார் எழுதுங்கள்.

மாத்திரையை ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டிலேயே இருக்க வேண்டாம், இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். யாரிடம் போவதென்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.