கடைசி எழுத்தை விழுங்காதே

அன்புள்ள தம்பிக்கு,

ராஜபாளையத்திலிருந்து அண்ணாச்சி. இதழில் வந்த உன் 'துபாஷி' கதையை நேற்று டீக்கடையில் வைத்துப் படித்தேன். டீ ஆறிப்போனது. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளாதே. பாதி எரிச்சலில் ஆறியது.

நடை, கட்டுக்கோப்பு பற்றியெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னை உறுத்தியது ஒரு பெயர். முதல் பக்கத்தில் டூப்ளே. மூன்றாம் பக்கத்தில் டியூப்ளெக்ஸ். முடிவில் துய்ப்ளே. 1742 முதல் 1754 வரை புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக் கவர்னர் ஒரே ஆள்தானே, மூன்று பேரா?

டூப்ளே எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூட வரலாற்றுப் பாடம். போதாததற்கு, 'பிரெஞ்சில் கடைசி எழுத்து ஒலிக்காது' என்று யாராவது அரைகுறைகள் உனக்குச் சொல்லியிருப்பார்கள். அந்த அரைகுறைகளில் நானும் ஒருவனாக இருந்தேன்.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்த்த காலம். புதுச்சேரிக்காரர் ஒருவர், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் (அந்த ஊரில் 'சொல்தா' என்பார்கள்), பேத்தி கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்திருந்தார். மேசையில் ஒரு வரலாற்று நோட்ஸின் புரூப் கிடந்தது. அதில் அந்தப் பெயரின் 'க்ஸ்' வந்த இடமெல்லாம் நான் சிவப்பு மையால் அடித்து வைத்திருந்தேன். எட்டிப் பார்த்தவர் கேட்டார்: "எதுக்கு சார் அந்த மனுஷன் வாலை வெட்டுறீங்க? பாரிசுல ஆறாம் நம்பர் மெட்ரோவுல அவர் பேருல ஒரு ஸ்டேஷன் இருக்கு. ரெண்டு வருஷம் தினம் அங்கதான் இறங்குனேன். துய்ப்ளெக்ஸ்னுதான் சொல்லுவான்."

அதோடு விட்டாரா? "இ சொல்லுங்க. நாக்கை அசைக்காதீங்க. உதட்டை மட்டும் உ-வுக்குக் குவிங்க" என்றார். கம்பாசிட்டர்கள் பார்த்துச் சிரிக்க, ஈரமான புரூப் தாளோடு உதட்டைக் குவித்துக்கொண்டு நின்றேன். வந்துவிட்டது தம்பி, அந்த ஒலி. டூ-வும் இல்லை, டியூ-வும் இல்லை. நம்மிடம் அதற்கு எழுத்து கிடையாது. 'துய்' கொஞ்சம் பக்கத்தில் போகிறது.

புதுச்சேரிக்குப் போனால் துய்மா வீதியில் நடந்து பார். அது துய்ப்ளெக்ஸுக்கு முன்னால் கவர்னராக இருந்தவர் பெயர். அதில் கடைசி 'ஸ்' ஒலிக்காது. துய்ப்ளெக்ஸ் பெயரில் 'க்ஸ்' ஒலிக்கும். போர்தோ என்கிற ஊரின் பெயர் முடிவதும் அதே எழுத்தில்தான், ஆனால் அங்கே சத்தமே இல்லை. ஆக, விதியை நம்பிப் பயனில்லை. ஒவ்வொரு பெயரையும் அது தெரிந்தவர் வாயில் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

உங்கள் பக்கத்து ஊருக்கே ஸ்ரீவில்லிபுத்தூர், திருவில்லிபுத்தூர், சீவில்லிபுத்தூர் என்று மூன்று இருக்கிறதே என்பாய். இருக்கட்டும். பஸ் கண்டக்டர் 'சீவில்லிபுத்தூர் எறங்கு' என்று கத்துவது அந்த ஊரிலேயே தேய்ந்து வந்த பெயர். டூப்ளே இங்கிலீஷ் வழியாக வந்து வகுப்பறையில் குடியேறியது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதே.

இன்னொன்று. உன் கதையின் துபாஷி, ஆனந்தரங்கப் பிள்ளை, கவர்னரை 'மிஸ்டர்' என்கிறார். படித்ததும் இதழை மூடிவிட்டேன். 1736-இல் நாட்குறிப்பைத் தொடங்கி 1761-இல் சாகும்வரை எழுதியவர், பிரெஞ்சுக்காரர்களோடேயே புழங்கியவர். அவர் வாயில் 'முசே' அல்லவா வரும்? மிஸ்டர் சென்னைக் கோட்டை இங்கிலீஷ்காரன் சொல். 1746-இல் அந்தக் கோட்டையையே பிரெஞ்சுக்காரன் பிடித்துவிட்டான். நீ இங்கிலீஷ்காரன் தொப்பியைக் கொண்டுபோய் பிரெஞ்சுக் கவர்னர் தலையில் வைக்கிறாய். அந்த நாட்குறிப்பைத் தோண்டித்தான் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்' எழுதினார். அதைச் சத்தம் போட்டுப் படி, காது பழகும்.

மூடிய இதழைத் திரும்ப ஏன் திறந்தேன் தெரியுமா? பல்லக்குப் பத்திக்காக. தூக்கிகள் தோள் மாற்றும்போது உள்ளே வெற்றிலைச் செல்லம் நகர்ந்து மூடி கிணுங்குகிறதே, அந்த வரி. அதைக் கேட்டுத்தான் பிள்ளை கண் விழிக்கிறார். வாழ்நாளெல்லாம் பிறர் எழுத்தில் பிழை தேடியவன் நான். எனக்குப் பொறாமையாக இருந்தது. இத்தனை நுணுக்கமான காது உனக்கு இருக்கிறது, அதைக் கவர்னர் பெயருக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை?

ஞாயிற்றுக்கிழமை காலை காந்தி கலை மன்றத்தில் இருப்பேன். புத்தகமாகப் போடுவதற்கு முன் திருத்தி எடுத்து வா. முசே துய்ப்ளெக்ஸ், முதலிலிருந்து முடிவு வரை. பல்லக்குப் பத்தியில் கை வைக்காதே.

அன்புடன்,
அண்ணாச்சி