கடவுச்சொல் சரிதான், பிள்ளை

களுபோவில
சனிக்கிழமை இரவு

அன்புள்ள பிள்ளைக்கு,

உமது கேள்வி இரண்டு நாளாக என்னை விடவில்லை. கடவுச்சொல்லை அடித்தால் திரை ஒரு கணம் கறுத்து, மறுபடி அதே லொகின் பக்கத்துக்கே வந்து நிற்கிறது. வெள்ளவத்தையில் ஒரு கடையில் காட்டினீராம்; "சிஸ்டம் போயிட்டுது, போர்மட் அடிக்க வேணும்" என்றார்களாம். அடிக்க விடாதேயும். ஆறு மாத ஆய்வேட்டு வேலை உள்ளே கிடக்க, பழுது என்னவென்று பாராமலே எல்லாவற்றையும் அழிக்கச் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

அந்தக் கறுப்புக் கணத்தைக் கவனியும். கடவுச்சொல் பிழையென்றால் பிழை என்றே சொல்லியிருக்கும். உம்மை உள்ளே விட்டிருக்கிறது. டெஸ்க்டொப்பை எழுப்ப வந்த நிரல்களில் ஏதோவொன்று தடுக்கி விழுந்து, அமர்வு முடிந்திருக்கிறது. அநேகமாகக் குற்றம் உமது ஹோம் அடைவுக்குள்தான் இருக்கும்.

லொகின் பக்கத்தில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தும். வெறும் எழுத்துத் திரை வரும். அதில் உள்ளே போம். டி எஃப் கட்டளையை அடித்து, வன்தட்டு 100 வீதம் நிரம்பியிருக்கிறதா என்று பாரும். ஈஎக்ஸ்டி4 வட்டில் வழமையாக 5 வீதம் ரூட் என்ற நிர்வாகக் கணக்குக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். அதனால் உமக்கு ஓர் எழுத்து எழுதவும் இடமில்லாத வேளையிலும் கணினி ஒழுங்காக எழும்பும். உமது அமர்வு மட்டும் விழும்.

ஆனால் எனக்குச் சந்தேகம் வேறொன்றில். உமது திரையில் சாளரங்களை வரையும் எக்ஸ் விண்டோ 1984இல் எம்ஐடியில் பிறந்தது. ஒரு கணினியில் ஓடும் நிரல் இன்னொரு கணினியின் திரையில் சாளரம் திறக்கலாம் என்பதே அதன் பெருமை. அப்படியென்றால் கண்டவரும் உமது திரையில் வந்து குந்தலாம் அல்லவா? அதைத் தடுக்கத்தான் மேஜிக் குக்கி என்ற 128 பிட் இரகசிய எண்ணை வைத்தார்கள். எண்ணைக் காட்டும் நிரலுக்கே திரை கிடைக்கும். அந்த எண் இருக்கும் இடம், உமது ஹோம் அடைவில் முன்புள்ளியோடு மறைந்திருக்கும் எக்ஸ்அதோரிட்டி என்ற சின்னஞ்சிறு கோப்பு.

போன கிழமை, ரூட்டின் அதிகாரம் தரும் சுடோ கட்டளையைப் போட்டு எழுத்துத் தொகுப்பியைத் திறந்ததாக எழுதியிருந்தீர். உமது லினக்ஸ் மின்ட் பழைய பதிப்பு. அதில் அப்படிச் செய்தால் இந்தக் கோப்பு ரூட்டின் கைக்குப் போய்விடக்கூடும். பிறகு உமது அமர்வு தன் எண்ணைத் தானே எழுத முடியாமல் நிற்கும். மறைந்த கோப்புகளையும் காட்டும்படி விரிவான பட்டியல் எடுத்து, அந்த வரியில் மூன்றாவது சொல்லைப் பாரும். உமது பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ரூட் என்றிருந்தால், கோப்பின் பெயரை மாற்றிவிடும். அதற்குச் சுடோ வேண்டாம். கோப்பு ரூட்டுடையது, அடைவு உம்முடையது. பெயர் மாற்றுவது அடைவில் எழுதும் வேலை, கோப்பில் எழுதும் வேலையல்ல. கேர்னிகனும் பைக்கும் 1984இல் எழுதிய யுனிக்ஸ் நூலில் கோப்புமுறை அத்தியாயத்தை நான் மூன்று தரம் படித்த பிறகே இது எனக்கு விளங்கியது. வகுப்பில் இதைச் சொன்னபோது நீங்கள் ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை. இப்போதாவது எழுதிவையும். அடுத்த தரம் உள்ளே போகும்போது புதுக் கோப்பு தானாகவே உருவாகும்.

உமது அண்ணாவின் விண்டோஸ் திரை கறுத்து, அம்புக்குறி மட்டும் தெரிவது வேறு கதை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் புதிய பணியாக எக்ஸ்புளோரரை ஓடவிடச் சொல்லும். டெஸ்க்டொப் வந்தால், ரெஜிஸ்ட்ரியில் வின்லொகன் பகுதியிலுள்ள ஷெல் மதிப்பைப் பார்க்கட்டும்.

உமது எக்ஸ்அதோரிட்டி கோப்பின் பெயரை மாற்றுமுன், பட்டியலில் அதன் வரியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பும். டெஸ்க்டொப் திறந்ததும் வேறெதையும் தொடாமல் ஆய்வேட்டைப் பென் ட்ரைவில் பிரதி எடும். நாளைப் பின்னேரம் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உமது ஆசிரியர்