ஜியாலஜி படித்தால் வேலை கிடைக்குமா?

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகள் பி.எஸ்சி. ஜியாலஜிதான் படிப்பேன் என்கிறாள். அந்தப் படிப்புக்கு எதிர்காலம் உண்டா?
– ஒரு வாசகி, அரியலூர்.

பதில்: தாராளமாகச் சேருங்கள், அம்மா. உங்கள் மாவட்டத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்ததைச் சொல்லும் அறிவியல்தான் ஜியாலஜி. நிலத்தடி நீர், கனிமம், பெட்ரோலியம், அணை, சுரங்கப்பாதை என எதற்கும் அது தேவை.

ஆனால், இளங்கலையோடு நிறுத்தினால் வாய்ப்புகள் குறைவு. எம்.எஸ்சி. அவசியம். ஜாம் (JAM) நுழைவுத் தேர்வில் தேறினால் ஐ.ஐ.டி.களில் முதுகலை படிக்கலாம். அதன்பின் யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு வழியாக, 1851-இல் தொடங்கப்பட்ட இந்தியப் புவியியல் ஆய்வு மையத்திலும், மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலும் சேரலாம். ஓ.என்.ஜி.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்களும் சிமென்ட், சுரங்க நிறுவனங்களும் ஜியாலஜி படித்தவர்களை வேலைக்கு எடுக்கின்றன.

இந்தப் படிப்பில் வெயிலில் மலையேறிப் பாறை மாதிரி சேகரிக்க வேண்டியிருக்கும். அதற்காக, 'பெண் பிள்ளைக்கு எதற்கு' என்று தடுக்காதீர்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, களப்பயிற்சிக்கு ஆண்டுதோறும் அழைத்துச் செல்கிறார்களா என்பதை முதலில் விசாரியுங்கள்.