பூட்டு வேண்டாம், ஸ்டாண்டு போதும்

எங்கள் வீட்டுக்கு போன் வந்தபோது எனக்குப் பத்து வயது. விரலை விட்டுச் சுற்றுகிற கறுப்பு டயல் போன். அப்பா அதற்கென்றே ஆசாரியிடம் சொல்லி ஒரு மர ஸ்டாண்டு செய்து வாங்கினார். அம்மா அதன்மேல் பூவேலை போட்ட துணி விரித்தார். முதல் பில் வந்த அன்று டயலில் ஒரு குட்டிப் பூட்டும் ஏறியது. சாவி அப்பாவின் சட்டைப்பையில்.

ஒரு வாரத்தில் நான் வழி கண்டுபிடித்துவிட்டேன். டயலைத் தொடவே வேண்டாம். ரிசீவர் உட்காரும் இடத்தில் இருக்கிற பொத்தானை எண்ணுக்கேற்பத் தட்டினால் போதும். மூன்றுக்கு மூன்று தட்டு, பூஜ்யத்துக்குப் பத்து தட்டு. அடுத்த தெரு நண்பனிடம் மணிக்கணக்கில் பேசினேன். அடுத்த பில்லில் மாட்டிக்கொண்டேன்.

முப்பத்தைந்து வருஷம் கழித்து, ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளின் டேப்பில் யூடியூப் செயலிக்குத் தினம் முக்கால் மணி நேரம் என்று நான் பூட்டுப் போட்டேன். அவளுக்கு ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை. செயலிக்குத்தானே பூட்டு? குரோமைத் திறந்து அதே யூடியூபை அதில் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வந்தது. கூடவே, டயல் போனைத் தட்டிய பையனின் ஞாபகமும் வந்தது. அன்றைய பூட்டுக் கதையை அவளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

அன்று இரவு யோசித்தபோது ஒன்று உறைத்தது. அப்பாவின் பூட்டு தோற்றது, ஸ்டாண்டு தோற்கவில்லை. போனை யாரும் சாப்பாட்டுக்கு எடுத்துப் போகவில்லை, படுக்கையில் வைத்துக்கொள்ளவில்லை. வயர் எட்டாது. பேச வேண்டுமென்றால் நாம்தான் எழுந்து போக வேண்டும். இப்போது எங்கள் வீட்டில் செருப்புக்கு ஒரு இடம் இருக்கிறது, சாவிக்கு ஒரு ஆணி இருக்கிறது, குடைக்கு ஒரு மூலை இருக்கிறது. போனுக்கு மட்டும் இடமே இல்லை. அதனால் எல்லா இடமும் அதனுடையதாகிவிட்டது.

பரணில் கிடந்த அந்த ஸ்டாண்டை இறக்கித் துடைத்தேன். இந்த இரண்டு வருஷ அனுபவத்தில் எங்களுக்குப் பலித்தவற்றைச் சொல்கிறேன்.

ராத்திரி ஒன்பது மணி

ஸ்டாண்டு ஹாலில், அம்மாவின் அறை வாசலை ஒட்டி நிற்கிறது. பக்கத்தில் ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு. வீட்டிலுள்ள சார்ஜர் எல்லாவற்றையும் படுக்கையறைகளிலிருந்து பிடுங்கி அங்கே கொண்டுவந்தேன். ஒன்பது மணிக்கு மூன்று போனும் ஒரு டேப்பும் அங்கே போய்விடும். காலை ஆறரைக்குத்தான் எடுக்கலாம்.

மறுநாளே சாக்குகள் வந்தன. "அலாரம் வேணுமேங்க" என்றாள் மனைவி. ஒரு டைம்பீஸ் வாங்கினோம். "ராத்திரி யாருக்காவது உடம்பு முடியலைன்னு போன் வந்தா?" என்றார் அம்மா. ரிங் சத்தத்தை முழுதாக வைத்தோம். அறைகளுக்கெல்லாம் கேட்கிறது. என் சாக்கு அலுவலகம். எட்டு மணிக்கு மேல் அவசரமென்றால் வாட்ஸ்அப் வேண்டாம், கூப்பிடுங்கள் என்று சொல்லிவைத்தேன். முதல் மாதம் வந்த அழைப்புகள் இரண்டு. அதில் ஒன்று தவறுதலாக வந்தது. குழுவில் தினமும் பொங்கி வழிந்த அவசரமெல்லாம் காலை ஒன்பதரை வரை பத்திரமாகக் காத்திருந்தது.

ஒரு வாய், ஒரு வீடியோ

சின்னவனுக்கு அப்போது நான்கு வயது. பொம்மைப் பாட்டு ஓடினால்தான் வாய் திறப்பான். கண் திரையில், வாய் தன்பாட்டுக்கு மெல்லும். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் தெரியாது. இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்று 2019-ல் உலக சுகாதார அமைப்பு சொல்லியிருக்கிறது. நாங்கள் மூன்று வேளைச் சாப்பாட்டிலேயே அதைத் தாண்டியிருந்தோம்.

நிறுத்திய முதல் மூன்று நாள் பெரும்பாடு. தட்டைத் தள்ளிவிட்டான். "பிள்ளையைப் பட்டினி போட்டு என்னடா சட்டம்?" என்று அம்மா என்னிடம் சண்டைக்கு வந்தார். நான்காம் நாள் அவரே ஒரு வழி சொன்னார். ஊட்டுவதை நிறுத்தினோம். பாய் விரித்து எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். அவனுக்கும் ஒரு தட்டு, கொஞ்சம் பருப்பு சாதம், ஒரு அப்பளம். அப்பளத்தை நொறுக்கிப் பிசைந்து, பாதியைச் சிந்தி, மீதியைத் தானே தின்றான். பாய் அலச ஒரு வாளித் தண்ணீர் கூடுதலாகச் செலவானது. பத்து நாளில் பாட்டு கேட்பது நின்றுவிட்டது.

நிமிடம் வேண்டாம், எண்ணிக்கை சொல்லுங்கள்

"பத்து நிமிஷம்தான்" என்பது குழந்தைக்குப் புரியாது. "இரண்டு வீடியோ" புரியும். ஆனால் இரண்டு முடிந்ததும் மூன்றாவது தானாக ஓடக் கூடாது. யூடியூபில் ஆட்டோபிளே என்கிற பொத்தானை முதலில் அணையுங்கள். கீழே இழுக்க இழுக்க முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் திரையை 2006-ல் வடிவமைத்த அஸா ராஸ்கினே அதற்காகப் பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார். பெரியவர்களாலேயே நிறுத்த முடியாமல் செய்யப்பட்ட ஒன்றைக் குழந்தை தானாக நிறுத்தவில்லை என்று அடிப்பதில் நியாயமில்லை. இன்னொன்று, வீடியோ பார்ப்பதை ஹால் டிவிக்கு மாற்றினோம். எல்லோர் கண்ணிலும் படுவதால் கண்டதும் ஓடுவதில்லை. கூட உட்கார்ந்து பார்க்கவும் முடிகிறது.

வீட்டுப்பாடம் வரும் வழி

போனே வேண்டாம் என்று சொல்ல முடியாது. மகளின் வீட்டுப்பாடம் வகுப்புக் குழுவில்தான் வருகிறது. அதைப் பார்க்கிறேன் என்று எடுத்தால் ஒரு மணி நேரம் போய்விடும். அதனால் மாலை ஆறரைக்கு என் போனில் நானும் அவளும் சேர்ந்து பார்க்கிறோம். அவள் டைரியில் எழுதிக்கொள்கிறாள். போன் ஸ்டாண்டுக்குப் போய்விடும். ஐந்து நிமிட வேலை.

போன வருஷம் அவளுக்குக் கண்ணாடி போட்டார்கள். திரையை இருபது நிமிடம் பார்த்தால் இருபது அடி தூரத்தில் இருபது வினாடி பார்க்கச் சொன்னார் கண் மருத்துவர். தினமும் வெளிச்சத்தில் விளையாடவும் சொன்னார். கிட்டப்பார்வை அதிகமான தைவானில் 2010-லிருந்து பள்ளிக் குழந்தைகளைத் தினம் இரண்டு மணி நேரம் வெளியில் விடுகிறார்கள். எங்களால் மாலை ஒரு மணி நேரம்தான் முடிகிறது. மொட்டை மாடியில் ஷட்டில்.

பாட்டிக்கும் பாடம் உண்டு

சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கையை அம்மா வீடியோவில் பார்ப்பதற்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அது திரை நேரக் கணக்கில் சேராது. ஆனால் அவருக்கு ஒரே ஒரு விதி: தெரியாதவர் யாராவது ஓடிபி கேட்டாலோ, போலீஸ் என்று மிரட்டினாலோ, போனை வைத்துவிட்டு எங்களைக் கூப்பிட வேண்டும். எந்தப் போலீசும் வீடியோ காலில் யாரையும் கைது செய்வதில்லை. பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. அதைப் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டாண்டின் மேல் ஒட்டியிருக்கிறோம்.

இதெல்லாம் பிசகாமல் நடக்கிறது என்று நினைக்காதீர்கள். ஐபிஎல் நாட்களில் ஒன்பது மணி பதினொன்றாகும். விருந்தாளி வந்தால் எல்லாமே தளரும். விதியை மீறுகிறவர் ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் தேய்க்க வேண்டும் என்று வைத்தோம். அதிகம் தேய்த்தது நான்தான்.

ஒரு நாள் இரவு பதினோரு மணிக்குத் தூக்கம் வரவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து வந்து, ஸ்டாண்டு பக்கத்தில் இருட்டில் நின்றபடியே போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பின்னால் சத்தம். மகள் நின்றுகொண்டிருந்தாள். நான் திட்டு வாங்கத் தயாரானேன். அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டாள்: "என்னப்பா, பொத்தானைத் தட்டுறீங்களா?"

வைத்துவிட்டேன். அந்த வாரமும் பாத்திரம் எனக்குத்தான்.

ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். எழுந்து வந்து, நின்றுகொண்டு, கால் வலிக்கப் பார்த்ததால் அது பத்து நிமிடத்தோடு போயிற்று. தலையணைக்கு அடியில் இருந்திருந்தால் ஒரு மணி ஆகியிருக்கும்.

நீங்களும் பெரிய சபதமெல்லாம் எடுக்க வேண்டாம். செயலிக்குப் பூட்டு, கடவுச்சொல், சண்டை எதுவும் முதலில் வேண்டாம். இன்று இரவு உங்கள் வீட்டுச் சார்ஜர்களை எல்லாம் ஹாலில் ஒரு இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பழைய ஸ்டாண்டு இல்லாவிட்டால் ஒரு முக்காலி போதும். அங்கே முதலில் உங்கள் போனை வையுங்கள்.